அலி பாய் ரேட்டு

என் அக்கா ரஹீமுன்னிசாவின் உயிர் நானூறு ரூபாய். டாக்டர் சொன்ன விலை அது. மச்சான் சௌக்கத் அலி முந்நூற்று நாற்பதுக்கு முடித்தார்.

ராயபுரத்தில் டாக்டருடைய நர்சிங் ஹோம் வராந்தாவில் நின்றபடியே முடித்தார். அக்காவுக்கு வயிற்றில் கட்டி. அன்றைக்கே அறுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். கட்டில் வாடகை, மயக்க மருந்து, கத்தி, தையல் எல்லாம் சேர்த்து நானூறு. அக்கா உள்ளே முனகிக்கொண்டிருந்தாள். மச்சான் வெளியே, பழைய நங்கூரச் சங்கிலிக்குப் பேசுகிற அதே குரலில், "முந்நூறு வெச்சுக்குங்க டாக்டர்" என்றார். டாக்டர் சிரித்தார். போன மழைக்காலத்தில் மாடிக்குப் போடத் தார்ப்பாய் வாங்க எங்கள் கடைக்கு வந்து, மச்சானிடம் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டித் தோற்றுப் போனவர் அவர். முந்நூற்று அறுபது என்றார். நாற்பதில் கை குலுக்கிக்கொண்டார்கள்.

எனக்கு அதில் ஆச்சரியமாக ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் பேரம் பேசாமல் எதுவும் உள்ளே வந்ததில்லை. நான் பிறந்தபோதுகூட மருத்துவச்சியிடம் வாப்பா எட்டணா குறைத்தார் என்று உம்மா சொல்வாள்.

அந்த வாரமே அக்கா போய்விட்டாள்.

அறுபது ரூபாய்க்கு டாக்டர் எதைக் குறைத்துக்கொண்டார் என்று யாரும் கேட்கவில்லை. மருந்தையா, தையலையா, கவனத்தையா? கேட்டால் பதில் கிடைத்துவிடும். அதனால் நானும் கேட்கவில்லை, மச்சானும் கேட்கவில்லை. கபர்க் குழி வெட்டியவன் வந்து கூலி இவ்வளவு என்றான். சொன்னது சொன்னபடி மச்சான் எண்ணிக் கொடுத்தார். வெட்டியவன் பணத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஏதோ தப்புச் செய்துவிட்டவன்போல மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்தான்.

அன்றிலிருந்து மச்சான் பேரம் பேசுவதை விட்டுவிட்டார்.

இதன் கனம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. எங்களுடையது கப்பல் பழைய சாமான் கடை. கயிறு, சங்கிலி, கப்பி, தார்ப்பாய். துறைமுகத்தில் ஏலம் எடுத்து, காசிமேட்டு மீன்காரர்களுக்கும் எண்ணூர் தோணிக்காரர்களுக்கும் விற்பது. மச்சானுடைய ஆஸ்டின் காரே அப்படி வந்ததுதான். நாற்பத்தேழில் ஊருக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரனிடம் வாங்கினார். கப்பல் சங்கு ஊதிவிட்டது, வெள்ளைக்காரன் பாதி ஏணியில் நிற்கிறான், மச்சான் கீழே நின்றுகொண்டு ஸ்பேர் டயரும் இந்த விலையில்தானே சேர்த்தி என்று கேட்டுக்கொண்டிருந்தார். சேர்த்திதான் என்று அவன் மேலேயிருந்து கத்தியதாகக் கேள்வி. வேறு ஏதோ கத்தியதாகவும் கேள்வி.

ராயபுரத்தில் எந்தப் பொருளுக்கும் மூன்று விலை உண்டு. வெளியூர்க்காரனுக்கு ஒன்று, உள்ளூர்க்காரனுக்கு ஒன்று, அலி பாய்க்கு ஒன்று. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் அதிகம். அவர் எப்படியும் பாதியாக்குவார் என்று தெரிந்ததால், முடி வெட்டுகிறவன் முதல் விறகு வண்டிக்காரன் வரை இரட்டிப்பாக்கித்தான் ஆரம்பிப்பார்கள். அதற்கு 'அலி பாய் ரேட்டு' என்றே பெயர். ஏற்றிச் சொல்வது அவர்கள் செய்கிற மரியாதை, இறக்கிக் கேட்பது இவர் செய்கிற மரியாதை. கடைசியில் நியாயமான இடத்தில் வந்து நிற்கும். இரண்டு பேருக்கும் ஜெயித்த திருப்தி.

இப்போது மச்சான் அலி பாய் ரேட்டை அப்படியே கொடுத்துக்கொண்டிருந்தார். யாரையும் திருடன் என்று சொல்ல முடியாது. அவர்கள் பேச்சை ஆரம்பித்தார்கள். இவர் பதில் பேசவில்லை. அவ்வளவுதான்.

வாங்குவதிலாவது பணம்தான் போயிற்று. விற்பதில் ஆளே போக ஆரம்பித்தது. காசிமேட்டு அங்கம்மா வலைக்கயிறு வாங்க வந்தாள். மூன்று மகன்களையும் கடலுக்கு அனுப்புகிறவள். அவள் வாய் கடற்கரையிலிருந்தே கேட்கும்.

"இன்னா பாய், இந்தக் கயிறு இன்னா ரேட்டு?"

"இருபத்தி நாலு."

"இருபத்தி நாலா? தங்கத்துலயா திரிச்சிகீறே? பன்னெண்டு தரேன்."

"சரி."

அங்கம்மா வாயைத் திறந்தபடி நின்றாள். அடுத்துச் சொல்லத் தயாராக வைத்திருந்த திட்டெல்லாம் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"இன்னாது சரி?"

"பன்னெண்டுக்கே எடுத்துக்க."

அவள் கயிற்றின் நுனியைப் பிரித்து முகர்ந்து பார்த்தாள். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். "இதுல இன்னா கோளாறு கீது?" என்றாள் என்னிடம்.

"ஒரு கோளாறும் இல்லம்மா. புதுசு மாதிரி."

"தோ பாரு மஜீது, கேட்ட ரேட்டுக்கு ஒருத்தன் குடுக்கிறான்னா உள்ள மக்கிப் போய்கீதுன்னு அர்த்தம். என் புள்ளைங்க இத்தப் புடிச்சிகினுதான் கடல்ல நிக்கிதுங்க. வோணாம் நைனா." கயிற்றைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பேச்சு காசிமேடு முழுக்கப் பரவ ஒரு சாயங்காலம் போதுமானதாக இருந்தது. அலி பாய் கடையில் மக்கின சரக்கு.

அடுத்த மாதம் துறைமுகத்தில் பெரிய ஏலம். அதில் மச்சான் வாயைத் திறக்காவிட்டால், கடையைப் பூட்டிவிட்டு நான் பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கூலி வேலை தேடிப் போக வேண்டியதுதான். அந்த வேலைக்கு நான் லாயக்கில்லை என்பது ரயில்வேக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். என் மனைவி தாஹிரா, "உங்க மச்சான் அழுதாவது தொலைச்சா தேவலை" என்றாள். மச்சான் அழவில்லை. வேளைக்குத் தொழுதார், வேளைக்குச் சாப்பிட்டார். சோற்றில் உப்பில்லை என்றால் அதையும் சொல்லாமல் சாப்பிட்டார்.

இந்தச் சமயத்தில்தான் காரின் பின்விளக்கு கெட்டது.

பிரேக்கை மிதித்தால் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிய வேண்டும், காலை எடுத்தால் அணைய வேண்டும். மச்சானுடைய வண்டியில் அது அணையவே இல்லை. கல்மண்டபத்தில் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். "இன்னா பாய், கல்யாண வூடு கணக்கா வெளக்கு எரிஞ்சிகினே கீது? நீ நிக்கிறியா போறியான்னு பின்னால வர்றவனுக்கு எப்பிடித் தெரியும்?" மச்சான் வண்டியை எடுத்தார். நேரே வேதமாணிக்கத்திடம் போனார்.

வேதமாணிக்கத்துக்குத் தண்டையார்பேட்டையில் உப்புக் கிடங்குக்கு எதிரே ஓலைக் கொட்டகையில் ஒர்க்‌ஷாப். யுத்த காலத்தில் ராணுவ லாரிகளைப் பிரித்துத் தொழில் பழகியவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவார். மற்ற நாட்களில் ஆண்டவருக்கு அதிகத் தொந்தரவு கொடுக்கமாட்டார். மிதிகட்டையோடு ஸ்பிரிங் போட்டுப் பூட்டிய சுவிட்சைக் கழற்றிப் புதிது மாட்டினார். மிதித்தால் எரிந்தது, விட்டால் அணைந்தது. இருபத்திரண்டரை ரூபாய் என்றார். மச்சான் கொடுத்தார்.

ரோட்டுக்கு வந்ததும் மறுபடி எரிந்தது. ஒயரில் எங்கோ உரசுகிறது என்று ஒயர் முழுவதையும் மாற்றினார் வேதமாணிக்கம். கொட்டகையில் நன்றாக வேலை செய்தது. நாற்பத்தேழு ரூபாய். கொடுத்தார். ரோட்டில் எரிந்தது. ஓயாமல் எரிந்து பாட்டரியும் செத்துப்போய், காலையில் ஹாண்டில் போட்டுச் சுற்ற வேண்டியதாயிற்று. அப்புறம் ஒருநாள் எண்ணூருக்குக் கயிறு கொண்டு போகையில் சக்கரத்திலிருந்து தோல் கருகுகிற நாற்றம். பிரேக்கில் ஒட்டியிருக்கிற லைனிங் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. புது பாட்டரி, புது லைனிங், கூலி என்று மூன்றாவது பில் வந்தது. நூற்று நாற்பத்தெட்டரை.

மச்சான் கல்லாவைத் திறந்து எண்ண ஆரம்பித்தார். ஏலத்துக்கு முன்பணம் கட்ட வைத்திருந்த பணம் அது.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "மச்சான், மூணு தபா ரிப்பேர் பண்ணியும் வெளக்கு எரிஞ்சிகிட்டேதான் இருக்கு. எதுக்குத் துட்டு?"

"கேட்டுட்டாரே" என்றார்.

"கேப்பாரு. கேக்கறதுக்கு இன்னா, நாளைக்கு நம்ம கடையையே எழுதிக் கேப்பாரு. வாங்க, நானும் வரேன். வெளக்கு எரியாம இருந்தா குடுப்போம்."

பணத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். குடை எடுத்துக்கொண்டு வா என்றிருந்தாலும் அப்படியேதான் வந்திருப்பார்.

வேதமாணிக்கம் எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கொட்டகை மூலையில் புத்தம்புதிதாக ஒரு காஸ் வெல்டிங் சிலிண்டர் நின்றது. யார் பணத்தில் வாங்கியது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வேதமாணிக்கம், இது பில்லா, இல்ல வழிப்பறியா?" என்றேன்.

"இன்னாப்பா மஜீது, வந்ததும் வராததுமா."

"எறநூத்திப் பதினெட்டு ரூபா மூணு பில்லுக்கும் சேத்து. அந்தத் துட்டுக்கு வெளக்கை எடுத்து வெளக்குக் கம்பத்துலயே மாட்டியிருக்கலாம். எரிஞ்சாலும் யாரும் கேக்கமாட்டான்."

அவர் என்னைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தினார். "தபாரு, எப்பவும் போல அலி பாய் ரேட்டுதான் சொன்னேன். பாதி ஆவும்னு வெயிட் பண்ணிகினு கீறேன், அவரு முழுசா எண்ணி வெச்சிட்டுப் பூட்டாரு. நான் இன்னா பண்ணட்டும்? பின்னாலயே ஓடிப் போயி, 'பாய், பேரம் பேச மறந்துட்டே, வா'ன்னு இஸ்துகினு வரவா? மொதோ தபா பேஜாராத்தான் இருந்திச்சி."

"ரெண்டாந் தபா?"

"பழகிடிச்சி" என்றார் உண்மையாக.

"சரி, வெளக்கு ஏன் அணையல?"

வேதமாணிக்கம் தலையைச் சொறிந்தார். பதிலுக்கு நேராகப் போய் ஆஸ்டினில் ஏறினார். "நீ வாசல்ல நின்னு பாரு" என்றார். உப்புக் கிடங்கு வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தார். நான் பார்த்தேன். போகும்போது விளக்கு அணைந்திருந்தது. திருப்பத்தில் எரிந்தது. மறுபடி அணைந்தது. ஒழுங்கான விளக்கு.

"இப்ப பாயை ஓட்டச் சொல்லு. நீ பக்கத்துல ஒக்காரு. மேல பாக்காதே, கீழ பாரு."

மச்சான் ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கீழே பார்த்தேன். பின்னாலிருந்து வேதமாணிக்கம், "எரியுது!" என்று கத்தினார்.

மச்சானின் வலது பாதம் சாய்ந்திருந்தது. பாதி ஆக்சிலேட்டரில், பாதி பிரேக்கில். ஒரே காலால் வண்டியை ஓட்டவும் செய்தார், நிறுத்தவும் செய்தார். போகவும் வேண்டும், போகவும் கூடாது என்கிற மாதிரி. இப்படி ஓட்டினால் எந்த சுவிட்சும் என்ன செய்யும்? பாட்டரி சாகாதா, லைனிங் கருகாதா?

"மச்சான், கால்" என்றேன்.

"கால் இன்னா?"

"பிரேக் மேல இருக்கு."

அவர் குனிந்து பார்த்தார். வண்டி நின்றது. உப்புக் கிடங்கிலிருந்து மூட்டை ஏற்றி வந்த கட்டை வண்டிக்காரன் திட்டிக்கொண்டே எங்களை ஒதுங்கிப் போனான். மச்சான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாரோ அங்கே வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோல.

"அன்னிக்கு டிராம் தண்டவாளத்துல ஏறும்போது கத்தினா" என்றார். "பின் சீட்டுல படுத்துகினு. குலுங்கக் கூடாதுன்னு வெச்சேன்."

அன்றைக்கு நானும் பின் சீட்டில்தான் இருந்தேன். அக்காவின் தலை என் மடியில். அந்தத் தண்டவாளத்தில் அவள் போட்ட சத்தம் எனக்கும் தெரியும்.

"அப்பால எடுத்துட்டேன்னுதான் நெனச்சேன்" என்றார் மச்சான்.

வண்டியைத் திருப்பிக் கொட்டகைக்கு வந்தோம். வேதமாணிக்கம் வாசலிலேயே நின்றார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவர் முகமும் தொங்கிப் போயிற்று.

"ரெண்டாந் தபாவே எனக்குத் தெரியும் பாய்" என்றார். "சொல்லலாம்னுதான் வாயைத் தொறப்பேன். உன் மூஞ்சியைப் பாத்தா வராது. பொண்டாட்டி செத்த ஆளாண்ட போயி, கோளாறு வண்டில இல்ல, உன் கால்லதான்னு எப்பிடிச் சொல்றது? வுடு பாய். இந்த மூணாவது பில்லு வோணாம். கிழி." அவரே பில்லை வாங்கிக் கிழிக்கப் போனார்.

மச்சான் பில்லை விடவில்லை.

"ஏன் வோணாம்?"

"பாவம், நீயே..."

"நான் இன்னா உன் கோயில் வாசல்ல தட்டு வெச்சிகினா ஒக்காந்துகீறேன்?" குரல் உயரவில்லை. ஆனால் எத்தனையோ நாளுக்கப்புறம் அது ஒரு கேள்வியாக இருந்தது. "சொம்மா குடுக்கறதுக்கு? பாட்டரி போட்டியா இல்லியா?"

"போட்டேன்."

"லைனிங் ஒட்டினியா?"

"ஒட்டினேன் பாய்."

"அப்ப ரேட்டு சொல்லு. ஒழுங்கா சொல்லு."

வேதமாணிக்கம் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பயந்து பயந்து, "நூத்தி நாப்பத்தெட்டரை" என்றார்.

மச்சான் ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூன்று பில்லையும் தொடை மேல் விரித்தார்.

"மொதல்ல சுவிட்சு. பழைய சுவிட்சு கெட்டுப் போவல. எங்க அது?"

"அது... மீஞ்சூர் லாரி ஒண்ணு வந்திச்சி. அதுக்குப் போட்டு..."

"என் சுவிட்சை மீஞ்சூர்க்காரனுக்கு வித்துட்டே. எவ்ளோ வாங்கினே?"

"எட்டு ரூபா."

"அந்த எட்டு எனக்கு வரணும். அப்பால, ஒயரு எத்தினி கெஜம் போட்டே?"

"பத்து கெஜம் பாய்."

"வண்டியே நாலு கெஜம்தான். மிச்சத்துல இன்னா, உன் பொண்டாட்டி துணி காயப் போடறாளா?"

வேதமாணிக்கத்தின் வாயோரம் துடித்தது. "பாய், அநியாயம் பேசாதே. ஒயரு ரெண்டு வரிசை போவும்."

"ரெண்டு வரிசைன்னா எட்டு. மீதி ரெண்டு? பழைய பாட்டரி எங்க?"

"அது செத்த பாட்டரி."

"உள்ள ஈயம் செத்துப் போவல. பழைய சாமான் கடைக்காரன்ட்டயே ஈயத்தை ஏப்பம் வுடறியா? அஞ்சு ரூபா கழி. கூலி மூணு தபா போட்டிருக்கே. வேலை தெரிஞ்சவன் ஒரு தபா பண்ணுவான். ரெண்டு கூலி கழி."

"என் புள்ளகுட்டியை நடுத்தெருவுல வுட்ருவே போலக்கீதே!" என்று வேதமாணிக்கம் தலையில் அடித்துக்கொண்டார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சிலிண்டர் வாங்கிட்டேன் பாய், இன்னும் பாதி துட்டு குடுக்கல!"

"என்னக் கேட்டா வாங்கினே? சிலிண்டரை வித்துரு. நான் வாங்கிக்கறேன்."

"எவ்ளோக்கு?"

"பாதி துட்டு குடுத்துட்டேல்ல, அந்தப் பாதிக்கு."

கொட்டகையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் சுத்தியலை வைத்துவிட்டு வந்து நின்றார்கள். எதிரே டீக்கடைக்காரர் கேட்காமலே டீ கொண்டு வந்தார். வேதமாணிக்கம் ஆண்டவரை இரண்டு முறை சாட்சிக்குக் கூப்பிட்டார். மச்சான் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் பேரம் பேசும்போது அவர் கண் மினுங்கும், காது மடல் சிவக்கும். இப்போது ஒன்றும் இல்லை. தூக்கத்தில் நடக்கிறவர் வழி தவறாமல் போவதுபோல, ஒரு தொகை விடாமல் கழித்துக்கொண்டு போனார். கை மட்டும் மெதுவாகத் தொடையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

மூன்று பில்லுக்கும் சேர்த்துத் தொண்ணூற்றாறரை. ஏற்கனவே கொடுத்தது அறுபத்தொன்பதரை. மீதி இருபத்தேழை எண்ணிக் கொடுத்தார். வேதமாணிக்கம் நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பொழச்சேன்டாப்பா" என்றார். யார் பிழைத்தது என்று சொல்லவில்லை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏலம் தப்பியது, கடை தப்பியது, ரயில்வேயும் தப்பியது என்று நினைத்தேன். ஆனால் மச்சான் வண்டியைக் கடைக்குத் திருப்பவில்லை. நேரே டாக்டருடைய நர்சிங் ஹோம் வாசலில் கொண்டு போய் நிறுத்தினார்.

டாக்டர் இல்லை. அக்காவைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் எல்சி அம்மா முன் அறையில் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தார். மச்சான் அறுபது ரூபாயை மேஜைமேல் வைத்தார்.

"இது இன்னா பாய்?"

"அன்னிக்குக் குறைச்சது. பாக்கி."

"உங்க கணக்கு அன்னிக்கே முடிஞ்சு போச்சே. பாக்கி எதுவும் இல்லியே."

"இருக்கு. நானூறு சொன்னாரு. நான் முந்நூத்தி நாப்பது குடுத்தேன்." பிறகு இத்தனை நாள் நாங்கள் இரண்டு பேரும் கேட்காததைக் கேட்டார். "அந்த அறுபதுக்கு எதைக் குறைச்சீங்க?"

எல்சி அம்மாவுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. பஞ்சைக் கீழே வைத்தார்.

"ஒண்ணும் குறைக்கல பாய். கர்த்தர் சத்தியமா ஒண்ணும் குறைக்கல. டாக்டர் அந்த ஆபரேஷனுக்கு எல்லார்ட்டயும் முந்நூத்தி இருபதுதான் வாங்குவாரு. நீங்க வண்டியில வந்து எறங்கறதைப் பாத்துட்டு, 'தார்ப்பாய்க்காரர் வராரு எல்சி, அலி பாய் ரேட்டு சொல்லணும்'னு சிரிச்சாரு. எம்பது ரூபா ஏத்திச் சொன்னாரு." நாக்கைக் கடித்துக்கொண்டார். "வெளாட்டுக்குத்தான் பாய். கட்டி உள்ளயே ஒடைஞ்சிருந்தது. நாலாயிரம் குடுத்திருந்தாலும் அவங்க..."

மச்சான் அறுபது ரூபாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதுவரை அக்கா செத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அறுபது ரூபாய் என்று அதற்கு ஒரு கணக்கும் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. சும்மா செத்துப் போயிருந்தாள்.

பணத்தை எடுத்து மடித்துப் பையில் வைத்தார். "வரேம்மா" என்றார்.

டிராம் தண்டவாளத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டேன். பீடி வாங்கணும் என்றேன். பீடிக்கடையில் நின்று வண்டியையே பார்த்தேன். தண்டவாளத்தில் ஏறும்போது பின்விளக்கு எரிந்தது. இறங்கியதும் அணைந்தது. கொஞ்ச தூரம் போய் மறுபடி எரிந்தது. முன்னால் மாடு ஏதாவது குறுக்கே வந்ததா, இல்லை அந்தக் கால்தானா, நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.

மறுநாள் அங்கம்மா வந்தாள். அவளாக வரவில்லை, நான்தான் ஆள் அனுப்பினேன். வாசலிலேயே நின்று, உள்ளே வரலாமா என்பதுபோல எட்டிப் பார்த்தாள்.

"அந்தக் கயிறு இன்னா ரேட்டு பாய்?"

"முப்பது" என்றார் மச்சான், தலை நிமிராமல்.

"அன்னிக்கு இருபத்தி நாலுன்னே!"

"அன்னிக்கு வாங்கியிருக்கணும். மக்கின கயிறுன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சியே, அதுக்கு ஆறு ரூபா."

"அடப்பாவி!" என்று கத்தினாள் அங்கம்மா. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்பை உதறிவிட்டு, உள்ளே வந்து சப்பணமிட்டு உட்கார்ந்தாள். அவள் கத்தல் அடங்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

அவள் போன பிறகு மச்சான், "எழுது மஜீது" என்றார். ரூபாய், அணா, பை என்று பிரித்து எழுதினேன்.

"டாக்டர் வகையை என்ன பண்றது? முந்நூத்தி இருபதுதான் சேரணும். இருபது நமக்கு வரணுமே. கேட்டு வாங்கட்டுமா?"

மச்சான் கல்லாவைப் பூட்டினார்.

"எழுது. கேக்காதே."

வேதமாணிக்கம் வகை, முடிவான தொகை 96-8-0. முன் கொடுத்தது 69-8-0. இப்போது கொடுத்தது 27-0-0. தீர்ந்தது.

டீ மூன்று, 0-3-0.

எடுத்துப் போனது 148-8-0. கல்லாவுக்குத் திரும்பியது 121-5-0.

அங்கம்மா, கயிறு ஒன்று, விலை 22-0-0. வரவு 16-0-0. பாக்கி 6-0-0.

டாக்டர் வகை, ரஹீமுன்னிசா, கொடுத்தது 340-0-0. சேர வேண்டியது 320-0-0. வர வேண்டிய பாக்கி 20-0-0.